சிறு கருவியும் பெரும் பாரமும்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலொடு கலக்கும் தாமிரபரணி, தன் இரு கரைகளையும் வளமுறச் செய்கின்றது. அவ்வாற்றங்கரை ஊர்களுள் ஏரலும் ஒன்று. அதனைச் சூழ்ந்து நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. அங்கு விளையும் வாழைத்தார்கள் லாரிகளில் ஏறி வெளியூர்களுக்குச் செல்கின்றன.

அங்ஙனம் செல்லும் லாரி ஒன்றின் சக்கரம் வழியிற் பழுதுற்றதெனக் கொள்வோம். சக்கரத்தை மாற்ற வேண்டுமாயின், வண்டியை உயர்த்துதல் வேண்டும். பலர் கூடியும் செய்தற்கரிய அச்செயலை, ஒருவர் கையால் இயக்கும் சிறு கருவி எளிதில் முடித்து விடுகின்றது. அதனை மக்கள் ஜாக்கி என வழங்குவர்.

திருகாணியால் உயர்வது ஒருவகை ஜாக்கி. எண்ணெயின் அழுத்தத்தால் உயர்வது மற்றொரு வகை. அடைபட்ட நீர்மத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) கண்ட உண்மை. ஆதலின், சிறிய உருளையில் நாம் தரும் விசை பெரிய உருளையிற் பன்மடங்காகப் பெருகுகின்றது.

கருவி எத்துணை வலிதாயினும், அதனைத் தாங்குவது நிலமேயன்றோ? ஆற்றுவண்டல் படிந்த மண் மழையில் நனைந்தால் எளிதில் நெகிழும். 2023 டிசம்பரில் பெருவெள்ளம் ஏரலுக்குள் புகுந்ததை அவ்வூரார் நன்கறிவர். நெகிழ்ந்த மண்ணில் ஜாக்கியை வைத்தால் அது புதையும், அல்லது சாயும். 100 சதுரச் சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள ஜாக்கி 2,000 கிலோகிராம் பாரத்தைத் தாங்கினால், ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர் நிலத்தின்மீதும் 20 கிலோகிராம் பாரம் அமரும். 40 சென்டிமீட்டர் சதுரமான தடித்த பலகையை அடியிலிட்டால், அது 1.25 கிலோகிராமாகக் குறையும். முள்ளின் நுனி காலில் தைப்பதும், உள்ளங்கை தைக்காததும் இதனாலேயே.

ஜாக்கியை இயக்குமுன் செய்ய வேண்டுவன சில உள. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திக் கைத்தடையை இட வேண்டும். அதிலுள்ளோர் அனைவரும் இறங்கிவிட வேண்டும். தேர் உருளாதவாறு சக்கரத்தின்கீழ்க் கட்டையிடுவது போலவே, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டையிடல் வேண்டும். சக்கர மரைகளை வண்டி தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்திக் கொள்ளல் நன்று. கருவியிற் பொறித்துள்ள அளவுக்கு மேற்பட்ட பாரத்தை அதன்மீது ஏற்றலாகாது.

இவை யாவினும் தலையாய விதி ஒன்றுண்டு. ஜாக்கி தூக்குதற்கு உரியது. நெடும்பொழுது தாங்குதற்கு உரியதன்று. உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்தால் வண்டி தாழும். கருவி வழுக்கினால் நொடியில் வீழும். ஆகவே, உறுதியான இரும்புத் தாங்கிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் எவரும் வண்டியின்கீழ்ப் புகுதல் கூடாது.

தார் கனிந்துவிடுமே என்னும் விரைவில், உடன்வரும் இளைஞன் வெறும் ஜாக்கியை நம்பி அடியிற் படுத்தல் உண்டு. அதனைத் தடுத்து நிறுத்துவது ஓட்டுநரின் கடமை. கனிந்த தாரால் வரும் இழப்பை அடுத்த விளைச்சல் ஈடுசெய்யும். போன உயிரை மீட்டுத் தரும் கருவியோ உலகில் இல்லை.