முடைவதற்கு முன் ஓலைக்கு வழி தேடுங்கள்

பனை ஓலையில் பெட்டி முடைவதைத் தொழிலாக எடுக்க நினைக்கிறீர்களா? ஓலை எந்த ஊரிலிருந்து வரும், யார் ஏறி வெட்டித் தருவார், மாதம் எத்தனை கட்டு கிடைக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கை பழகிவிடும். ஓலை நின்றுபோனால் பழகிய கையும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

எங்கே கற்பது?

மாதவரத்தில் இருப்பவர்கள் தூரம் போக வேண்டாம். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மத்திய பனைவெல்ல, பனைப் பொருட்கள் நிறுவனம் அங்கேயே, குமரப்பபுரத்தில் இருக்கிறது. அடுத்த பயிற்சி எப்போது, கட்டணம் எவ்வளவு என்று நேரில் போய்க் கேளுங்கள். கற்றபின் ஒரு நாள் பழவேற்காடு போய்வாருங்கள். அங்குள்ள பெண்கள் நெடுங்காலமாக ஓலைப் பொருட்கள் செய்கிறார்கள். அவர்கள் விளிம்பு மடக்குவதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய பாடம்.

ஓலைக்கு என்ன வழி?

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் பனை இன்னும் இருக்கிறது. மரத்துக்காரரிடமும் ஏறுபவரிடமும் முன்கூட்டியே பேசி விலை முடியுங்கள். மென்மையான வேலைக்குக் குருத்தோலை, முரட்டுக் கூடைக்கு முற்றிய ஓலை. ஆனால் ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை அறுத்தால் மரம் நலிந்துவிடும். மரத்தை மாற்றி மாற்றி வெட்டச் சொல்லுங்கள்.

வந்த ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாய நீரில் முக்கி, நிழலில் ஆற விடுங்கள். முடையும்போது மட்டும் லேசாக ஈரப்படுத்துங்கள். கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் வடசென்னையில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். மழைக்காலத்துக்கு வேண்டிய ஓலையைப் புரட்டாசிக்குள் காயவைத்து, தரையில் படாமல் பரணில் ஏற்றிவிடுங்கள்.

விலை எப்படிப் போடுவது?

உழைத்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. ஒரு பெட்டிக்கு ஓலையும் சாயமும் 40 ரூபாய், வேலை இரண்டு மணி நேரம், மணிக்கு 70 ரூபாய் என்று வையுங்கள். அடக்கமே 180 ரூபாய். 100 ரூபாய்க்குக் கொடுத்தால் உங்கள் உழைப்பைத் தானமாகக் கொடுக்கிறீர்கள்.

யார் வாங்குவார்கள்?

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. அதனால் கல்யாணத் தாம்பூலம், தீபாவளி இனிப்பு, நவராத்திரி கொலு என்று ஓலைப் பெட்டிக்கு இடம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கொட்டான் என்ற ஓலைக்கூடை புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு உயர்ந்ததற்கு அதன் நேர்த்தியும் ஒரு காரணம். 300 பெட்டி கேட்டால் முந்நூறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அளவுக்கு மரக்கட்டை அச்சு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆர்டரைத் தனியாக ஏற்காதீர்கள். பத்துப் பேர் குழுவில் ஆளுக்கு நாளைக்கு மூன்று பெட்டி என்றால் 300 பெட்டிக்குப் பத்து நாள். இரண்டு நாள் கூட்டியே தேதி சொல்லுங்கள்.

கடன், மானியம்

2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் கூடை முடைதலும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. வயது வரம்பையும் இன்றைய விதிமுறைகளையும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள்.

கூட்டாக நடுங்கள்

ஐரோப்பாவில் வில்லோ என்ற மரத்தை நட்டு, குளிர்காலத்தில் தரையை ஒட்டி வெட்டி, அந்தக் குச்சிகளில் கூடை முடைகிறார்கள். அடுத்த ஆண்டே மறுபடி துளிர்த்துவிடும். நம் பனைக்கு அந்த வேகம் கிடையாது. நன்றாக ஓங்கி நிற்கப் பத்துப் பதினைந்து ஆண்டு எடுக்கும். அதனால்தான் இன்றே ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டைகளைப் பொறுக்கி, ஏரிக்கரையில் உரியவர்களிடம் அனுமதி வாங்கி, பத்தடிக்கு ஒன்றாக நேரடியாக மண்ணில் புதையுங்கள். முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்கும். பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம்.

இன்று நமக்கு ஓலை தரும் மரங்கள் யாரோ முகம் தெரியாதவர்கள் ஊன்றியவை. உங்கள் குழு ஆண்டுக்கு நூறு கொட்டை ஊன்றினால், உங்களிடம் முடையக் கற்ற பிள்ளைகள் ஓலைக்கு அலைய மாட்டார்கள். தொழில் தொடங்கும் நாளின் கணக்குப் புத்தகத்தில் அதையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.