ஈயக் குண்டின் சீர்மையும் குறியின் பிழையும்

மைசூர் நகரத்து மண்டி மொஹல்லாவிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடையலாம். 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் வீழ்ந்த அக்கோட்டைநகரின் தொழிற்சாலைகளில் திப்பு சுல்தானுக்காகச் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அவற்றை எதிர்த்து வந்த கம்பெனிப் படையினரின் துப்பாக்கிகளும் அதே இனத்தவையே. குழலின் வாய்வழியே மருந்தையும் உருண்டையான ஈயக் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடவேண்டும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் தனி மனிதனைக் குறிவைப்பது பெரும்பாலும் வீண் என்றே அக்காலப் படைவீரர் கருதினர். பிழை சுடுவோன் கையிலா, குழலிலா, குண்டிலா?

இவ்வினாவைச் சோதனை வாயிலாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கியியலின் புதிய தத்துவங்களைக் கூறும் அவரது நூல் 1742-இல் வெளிவந்தது. பின்னர் அவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் இந்தியா வந்து, மறு ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

அவர் செய்த சோதனை ஒன்று எளியதாயினும் வியக்கத்தக்கது. துப்பாக்கிக் குழலின் முனையை இடப்புறமாகச் சிறிது வளைத்து, குண்டு செல்லும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறமாகவே சென்றது. ஆனால் தொலைவு செல்லச் செல்ல வலப்புறமாகத் திரும்பிற்று. வளைந்த குழலின் வலச் சுவரில் உராய்ந்து உருண்டமையால் குண்டு சுழலத் தொடங்கியது. அச்சுழற்சி காற்றின் அழுத்தத்தை ஒருபுறம் மிகுவித்து அதனைத் திருப்பியது. இவ்விளைவு 1852-இல் இதனை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸின் பெயரால் வழங்குகிறது. ராபின்ஸின் பெயரே இதற்குப் பொருந்தும் எனலாம்.

நேரான குழலிலும் இது நிகழ்வது ஏன்? கம்பெனித் துப்பாக்கியின் துளை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். குண்டின் விட்டமோ 17.5 மில்லிமீட்டர் அளவே. கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாக எஞ்சுகிறது. கசடு படிந்த குழலில் விரைந்து கெட்டிக்க இந்த இடைவெளி தேவைப்பட்டது. அதன் பயனாகக் குண்டு சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே வெளிவரும். கடைசியாகத் தொட்ட சுவர் எதுவோ, அதுவே குண்டின் திசையையும் சுழற்சியையும் தீர்மானிக்கும். அது ஒவ்வொரு முறையும் வேறுபடும். இத்தகைய குழலில் குண்டை எவ்வளவு செம்மையாக வார்த்தாலும் பயன் சிறிதே.

சுருள்வரி வெட்டிய குழலில் நிலைமை வேறு. எண்ணெயிட்ட துணித்துண்டு குண்டை இறுகப் பற்றி, செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு அதனைச் சுழற்றுகிறது. இங்கேதான் குண்டின் சீர்மை முக்கியமாகிறது.

உருகிய ஈயம் 327 பாகை செல்சியஸில் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் சுருங்கும். மேற்புறம் முதலில் இறுகிவிட, உள்ளே வெற்றிடம் தோன்றக்கூடும். 12.45 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டின் எடை ஏறத்தாழ 11.45 கிராம். அதன் நடுவிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி 0.28 கிராம் ஈயம் குறைந்திருப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையம் 0.1 மில்லிமீட்டர் விலகும். 122 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றும் குழலிலிருந்து வெளிவரும் கணத்தில், விலகிய மையம் வட்டத்தின் தொடுகோட்டில் பாய்கிறது. கணக்கிட்டால் 50 மீட்டரில் சுமார் 2.6 சென்டிமீட்டரும், 100 மீட்டரில் அதன் இருமடங்கும் பிழை நேரும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இக்கோணம் மாறாது என்பது கருதத்தக்கது.

எடை வேறுபாடு தன்னளவில் பெரும் தீங்கு செய்வதன்று. எடை நூற்றில் ஒரு பங்கு மாறினால் 50 மீட்டரில் குண்டு விழும் உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மாறும். எனினும் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு குண்டையும் நிறுத்துப் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தைத் தராசு காட்டிக்கொடுக்கும் என்பதாலேயே. மேற்கூறிய 0.28 கிராம் குறையைப் பொன் நிறுக்கும் தராசு உடனே காட்டிவிடும். ஒன்று நினைவிற்கொள்ளவேண்டும்: வெள்ளீயமோ ஆன்டிமனியோ கலந்த பழைய ஈயத்தில் வார்த்த குண்டு, வெற்றிடம் இல்லாமலே எடை குறைந்தும், சுருக்கம் குறைவாதலின் விட்டம் சற்றே மிகுந்தும் இருக்கும். ஆகவே ஒரே உருக்கில் வார்த்தவற்றையே தம்முள் ஒப்பிடுதல் வேண்டும்.

வெற்றிடம் பெரும்பாலும் ஈயம் ஊற்றிய காம்பின் அடியில்தான் அமையும். அவ்விடமே கடைசியாக உறைவது. காம்பு வெட்டிய தழும்பைக் குழல்வாயின் நடுவில் மேல்நோக்கி வைத்துக் கெட்டிக்கும் பழைய வழக்கத்தின் பொருள் இதனால் விளங்கும். வெற்றிடம் சுழல் அச்சின்மேலேயே அமைந்துவிட்டால் பக்கவாட்டு விலக்கம் நேராது. மழமழப்பான குழலில் குண்டு உருளுவதால் இவ்வுபாயம் பலிக்காது.

சீரான குண்டும் மருந்தின்மேல் முழுதும் அமரவேண்டும். கசடு தடுத்து இடையில் நின்றுவிட்டால் குறி தவறுவதோடு, குழலே வெடித்துச் சுடுவோனின் கையைப் பறிக்கக்கூடும். கெட்டிக்கும் கோலில் முழு ஆழத்தைக் குறிக்கும் கோடு இடப்படுவது இதன்பொருட்டே.