பிறந்தநாளுக்கும் பிழைப்புக்கும்: பழம் வைத்த மெத்தென்ற சீனி பிஸ்கட்



தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் இப்போதெல்லாம் கேக் இல்லாமல் முடியாது. டவுனுக்குப் போய்ப் பெயர் எழுதிய கேக் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் உழைத்த காசு கரைந்துவிடுகிறது. கையில் காசு இல்லாவிட்டால் அதுவும் கடன் கொப்பியில் ஏறுகிறது. பிள்ளையின் ஆசை நியாயமான ஆசைதான். கடனில்லாமல் அதை நிறைவேற்ற ஒரு வழியை இந்தப் பாடத்தில் படிப்போம்.

நாம் செய்யப்போவது மெத்தென்ற சீனி பிஸ்கட். மேலே ஐசிங் பூசி, பழத்துண்டு வைத்துக் கொடுப்பது. ஒரு தடவைக்கு 24 வரும். கை பழகிய பிறகு விற்கவும் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வோம். பிஸ்கட் மெதுவாக வருவதும் அளவில்தான் இருக்கிறது, கையில் காசு மிஞ்சுவதும் அளவில்தான் இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது?

சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் சுடும் கொக்கிஸ் நமக்குத் தெரியும். அந்தப் பெயர் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது என்பார்கள். ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டவர்கள். சிறிய கேக் என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்தான் அமெரிக்காவில் 'குக்கி' ஆனது. பெயர் ஒரு வழியில் வந்தாலும் பலகாரம் வேறு. கொக்கிஸ் எண்ணெயில் பொரிப்பது, குக்கி போறணையில் சுடுவது.

சீனி குக்கி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நாசரேத்து என்ற ஊரில், 1700களின் நடுப்பகுதியில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களால் செய்யப்பட்டது என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. மா, சீனி, வெண்ணெய், முட்டை, இவ்வளவுதான் அதற்குத் தேவை. எல்லாம் நம் கடைகளிலும் உள்ளவையே.

தேவையான சாமான்கள்

பிஸ்கட்டுக்கு:
- கோதுமை மா 300 கிராம் (தலை தட்டிய 2½ கப்)
- சீனி 150 கிராம் (¾ கப்)
- மாஜரின் 150 கிராம்
- முட்டை 1
- கட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி
- பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
- வெனிலா 1 தேக்கரண்டி

ஐசிங்குக்கு:
- ஐசிங் சீனி 200 கிராம்
- மாஜரின் 60 கிராம்
- தேசிக்காய்ச் சாறு அல்லது காய்ச்சி ஆறிய பால் 1 மேசைக்கரண்டி

மேலே வைக்க, அந்தந்தக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் பழம்.

250 கிராம் மாஜரின் பக்கெட் ஒன்று வாங்கினால் பிஸ்கட், ஐசிங், தட்டில் பூசுவது எல்லாவற்றுக்கும் போதும். மாஜரினில் உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. தராசு இல்லாதவர்கள் ஒரே கப்பால் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். மாவைக் கப்பில் அமுக்கி நிரப்பக் கூடாது. தளர்வாகப் போட்டுக் கத்தியால் தலை தட்ட வேண்டும். "கைக்கணக்கு நமக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். கறிக்குக் கைக்கணக்குச் சரிதான். சுடுகிற பண்டத்துக்கு அது சரிவராது.

மலையில் இருப்போர் கவனிக்க

புத்தகங்களில் வரும் பிஸ்கட் குறிப்புகள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு அண்மையில் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

பிஸ்கட்டில் இது இரண்டு வேலை செய்கிறது. பேக்கிங் பவுடரில் உண்டாகும் வாயு அழுத்தம் குறைவான இடத்தில் அதிகமாக விரிகிறது. அதனால் பிஸ்கட் சட்டென்று எழும்பிப் பிறகு அமுங்கிவிடும். மாவிலுள்ள ஈரமும் சீக்கிரம் ஆவியாகிறது. "அளவு பார்த்துத்தானே போட்டேன், கல்லு மாதிரி ஆயிருச்சே" என்று மேல்மலைத் தோட்டங்களில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேயிலையைப் பிரிக்கிற அதே உயரக் கணக்கை இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

- 2,000 அடிக்குக் கீழே: பேக்கிங் பவுடர் 1¼ தேக்கரண்டி வரை போடலாம்.
- 2,000 முதல் 4,000 அடி வரை: மேலே கொடுத்த அளவு.
- 4,000 அடிக்கு மேலே: பேக்கிங் பவுடரை ¾ தேக்கரண்டியாக்கி, சீனியில் 1 மேசைக்கரண்டி குறைத்து, பால் 1 மேசைக்கரண்டி கூட்ட வேண்டும்.

செய்முறை

1. மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து இரண்டு தடவை அரிக்கவும்.

2. மாஜரினையும் சீனியையும் மரக்கரண்டியால் அடிக்கவும். நிறம் வெளுத்துப் பஞ்சு போல வரும்வரை அடிக்க வேண்டும். கை வலிக்கும், ஆளுக்கு ஐந்து நிமிடம் மாறி மாறி அடியுங்கள். குளிரில் மாஜரின் இறுகியிருந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் சற்று வைத்து இளக விடலாம். உருக்கக் கூடாது.

3. முட்டையைத் தனிக் கோப்பையில் உடைத்து, நல்லதா என்று பார்த்த பிறகு சேர்க்கவும். தயிர், வெனிலா, மேல்மலையில் உள்ளவர்கள் பால், இவற்றையும் சேர்த்துக் கலக்கவும்.

4. மாவை மூன்று தடவையாகப் போட்டு, சேரும்வரை மட்டும் பிசையவும். ரொட்டிக்குப் பிசைவது போல இழுத்துப் பிசைய வேண்டாம். கோதுமை மாவில் இழுபடும் புரதம் ஒன்று இருக்கிறது. பிசையப் பிசைய அது இறுகும். ரொட்டிக்கு அது நல்லது, மெது பிஸ்கட்டுக்குக் கெடுதல்.

5. மூடி அரைமணி நேரம் குளிரான இடத்தில் வைக்கவும். பிறகு சின்னத் தேசிக்காய் அளவு 24 உருண்டை பிடித்து, மாஜரின் பூசிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கவும். மா தொட்ட டம்ளரின் அடியால் 1 சென்டிமீட்டர் தடிப்புக்கு அமுக்கவும். அதற்கு மேல் மெல்லிசானால் முறுகிவிடும்.

6. 180 பாகை செல்சியஸ் சூட்டில் 9 முதல் 11 நிமிடம் சுடவும். ஓரம் பிடித்து, அடிப்பக்கம் லேசாகச் சிவந்து, நடுப்பகுதி இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இந்தப் பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "இன்னும் வேகல போல" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். சூடான தட்டில் ஐந்து நிமிடம் இருக்கும்போது மிச்சம் வெந்துவிடும். நடுப்பகுதி சிவக்கும்வரை காத்திருந்தால் ஆறியதும் கடிக்க முடியாது.

போறணை இல்லாதவர்களுக்கு

அடி தடித்த பழைய இரும்புச் சட்டி ஒன்றில் ஓர் அங்குலம் காய்ந்த மணல் பரப்பி, அதன்மேல் ஒரு வளையமோ மூன்று கல்லோ வைத்து, மூடி போட்டு 15 நிமிடம் சூடாக்கவும். பிஸ்கட் தட்டைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். மூடியின் மேல் கொஞ்சம் சிரட்டைத் தணல் போட்டால் மேல்பக்கமும் வேகும்.

மிலாறு சட்டென்று பிடித்துச் சட்டென்று அடங்கும். அது அடுப்பு மூட்ட நல்லது. சுடுவதற்குத் தணல் நிற்கிற கட்டை விறகு வேண்டும். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் சட்டியை வச்சிடாதீங்க, அடி கருகும். சூடு பார்க்க, தகர மூடியில் கொஞ்சம் மாவைத் தூவி உள்ளே வைக்கவும். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமானால் சரியான சூடு. முதலில் ஒரே ஒரு பிஸ்கட்டைச் சுட்டுப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். சட்டியில் 12 முதல் 15 நிமிடம்கூட ஆகலாம்.

இரண்டு எச்சரிக்கை. கதவு, ஜன்னல் மூடிய லயக் காம்பராவுக்குள் தணலைக் கொண்டுபோகக் கூடாது, குளிருக்கு என்றாலும் கூடாது. தணலிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அடுத்தது, களைநாசினி, பூச்சிமருந்து வந்த டின், வாளி, மூடி எதையும் எவ்வளவு கழுவினாலும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

ஐசிங்கும் பழமும்

மாஜரினை நன்றாக அடித்து, அரித்த ஐசிங் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். கடைசியில் தேசிக்காய்ச் சாறு. சாறு சேர்த்தால் திகட்டாது. ஐசிங் இளகினால் சீனி கூட்டலாம், இறுகினால் அரைத் தேக்கரண்டி பால் விடலாம். பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடுவதால் அதைத் தவிர்ப்போம்.

பிஸ்கட் முழுதாக ஆறிய பிறகே ஐசிங் பூச வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டி போதும்.

நுவரெலியாப் பக்கம் ஸ்ட்ராபெரி கிடைக்கும். வடிவு குறைந்த சின்னப் பழங்களை மலிவாகக் கேட்டு வாங்கலாம். ஒரு பழத்தை மூன்றாக வெட்டினால் மூன்று பிஸ்கட்டுக்கு ஆகும். மற்ற இடங்களில் பப்பாசி, அன்னாசி, மாம்பழம், வாழைப்பழம் எதுவும் ஆகும். மருந்து தெளித்த மலையில் பறித்த பழம் வேண்டாம். எல்லாப் பழத்தையும் சுத்தமான நீரில் கழுவி, வெட்டி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஐசிங் கரைந்து ஓடும். வாழைப்பழத்தைத் தேசிக்காய்ச் சாற்றில் புரட்டினால் சீக்கிரம் கறுக்காது.

பழத்தைச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைப்பதே நல்லது. பழம் வைத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். ஒன்றும் பூசாத பிஸ்கட் காற்றுப் புகாத டின்னில் நான்கு நாள் இருக்கும். கூடவே ஒரு பாண் துண்டு போட்டு வையுங்கள். பாண் காயும், பிஸ்கட் மெதுவாகவே இருக்கும்.

விற்பதற்கு முன் ஒரு கணக்கு

விலைகள் மாறும். ஆகவே பழகுவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். சாமான், விறகு, கடதாசி, பஸ் காசு எல்லாம் சேர்த்து 24 பிஸ்கட்டுக்கு 960 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் முதல் 40 ரூபா. அதை 60 ரூபாவுக்கு விற்றால் வரவு 1,440, மிச்சம் 480. வேலைக்கு 3 மணி நேரம் போனது என்றால் ஒரு மணி நேரத்துக்கு 160 ரூபா. இது இலாபம் அல்ல, உங்கள் கூலி.

நாலு உடைந்துபோனால்? 20 விற்று வருவது 1,200, மிச்சம் 240. கூலி பாதியாகிவிட்டது. இன்னும் ஐந்தைச் "சம்பள நாளைக்குத் தாறேன்" என்று சொந்தக்காரர் கொண்டுபோனால் கைக்கு வருவது 900 மட்டும். முதலிலேயே 60 ரூபா குறைகிறது. சுயதொழில் தொடங்கிய பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பண்டம் சரியில்லாமல் அல்ல, கணக்கு எழுதாமல்.

ஆகவே மூன்று பழக்கம். ஓடர் கிடைத்த பிறகே சுட வேண்டும். விற்ற காசில் முதல் 960 ரூபாவை வேறு டின்னில் போட்டுவிட வேண்டும், அது அடுத்த தடவைக்கான முதல். வீட்டுக்கு எடுத்ததையும் கொப்பியில் எழுத வேண்டும். தொடர்ந்து விற்பதாக இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து ஆலோசனை கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவு விற்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

சீனியிலும் அளவு

இந்த அளவில் 24 பிஸ்கட்டிலும் சேர்ந்து 350 கிராம் சீனி இருக்கிறது. ஒன்றில் ஏறக்குறைய 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்கு மேல். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த ஆலோசனை. ஆகவே இது விசேஷ நாள் பண்டம், தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பதல்ல. பிஸ்கட்டோடு குடிக்கும் பிளேன்டீ சீனி போடாததாக இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு பிள்ளைகளை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. உங்கள் தோட்டம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? அதற்கான பேக்கிங் பவுடர் அளவு என்ன?
2. நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும்போதே பிஸ்கட்டை எடுப்பது ஏன்?
3. உங்கள் கடை விலைகளைப் போட்டு, ஒரு பிஸ்கட்டின் முதலைக் கணக்கிடுங்கள்.
4. 24இல் 18ஐ மட்டும் 60 ரூபாவுக்கு விற்று, மற்றவை மிஞ்சினால், 960 ரூபா முதல் போக உங்கள் கூலி எவ்வளவு?

நான்காவது கேள்விக்கு 120 ரூபா என்று விடை வந்தால், நீங்கள் பாடத்தைப் படித்துவிட்டீர்கள். இனிமேல் பக்கத்துக் காம்பரா அக்காவையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பாருங்கள். ஒருவர் மாவை அடிக்கட்டும், ஒருவர் நெருப்பைப் பார்க்கட்டும், எழுதத் தெரிந்த பிள்ளை கணக்குக் கொப்பியைப் பிடிக்கட்டும்.