ஆகஸ்ட் 15: அன்றே எல்லாம் முடிந்துவிட்டதா?

1947 ஆகஸ்ட் 15 பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்றே நினைக்கிறோம். நள்ளிரவில் வெள்ளையர் ஆட்சி போனது, விடிந்ததும் செங்கோட்டையில் கொடி ஏறியது, நாடு முழுக்க விடுதலை பெற்றது. மேடைக்கு மேடை சொல்லப்படும் இந்தக் கதையில் பல இடங்கள் தவறு. தவறான கதையில் சில மனிதர்களும் சில ஊர்களும் காணாமலே போய்விடுகின்றன. அவர்களுக்காகவாவது இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: ஆகஸ்ட் 15 நம் தலைவர்கள் தேர்ந்தெடுத்த நாள்.

உண்மை: 1930 முதல் காங்கிரஸ் சுதந்திர நாளாகக் கொண்டாடி வந்தது ஜனவரி 26-ஐ. 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்போம் என்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்திருந்தார். அதைப் பத்து மாதம் முன்னுக்குக் கொண்டுவந்தவர் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தபோது, தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்தான். அந்த நினைவில்தான் இந்தத் தேதியைச் சொன்னதாகப் பின்னாளில் அவரே கூறினார். இந்த அவசரத்துக்குக் கொடுத்த விலை பெரிது.

நம்பிக்கை: அன்று காலை செங்கோட்டையில் நேரு கொடியேற்றினார், காந்தியும் டெல்லியில் இருந்தார்.

உண்மை: செங்கோட்டையில் நேரு கொடியேற்றியது மறுநாள், ஆகஸ்ட் 16-இல். காந்தி டெல்லிப் பக்கமே வரவில்லை. கல்கத்தாவின் பேலியாகட்டா பகுதியில் ஹைதரி மன்சில் என்ற பழைய வீட்டில், வங்காளத்தின் முன்னாள் பிரதமர் சுஹ்ரவர்தியுடன் தங்கியிருந்தார். ஓராண்டுக்கு முன் மதக் கலவரத்தில் ரத்தம் ஓடிய நகரம் அது. மீண்டும் அப்படி நடக்காமல் காப்பதே அவருடைய வேலையாக இருந்தது. விடுதலை நாளை அவர் உண்ணாமல், ராட்டை சுற்றிக் கழித்தார்.

நம்பிக்கை: ஆகஸ்ட் 15 அன்று இந்தியா எது, பாகிஸ்தான் எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உண்மை: தெரியாது. எல்லை வகுக்க வந்த வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவில் காலே வைத்ததில்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். விடுதலைக்கு முன்பே கோடு தயாராகிவிட்டது; ஆனால் ஆகஸ்ட் 17-இல்தான் வெளியிட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் எல்லையோரத்து மக்கள் தாங்கள் எந்த நாட்டவர் என்பதே தெரியாமல் இருந்தார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழ்ந்த முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது. கோடு வெளியானதும் அது இந்தியாவின் மாவட்டம் என்றானது. குல்னாவில் இந்தியக் கொடி ஏற்றியவர்கள் பாகிஸ்தானியர் ஆனார்கள். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் சில ஊர்கள் ஆகஸ்ட் 18-ஐத் தங்கள் சுதந்திர நாளாகக் கொண்டாடுவது இதனால்தான்.

நம்பிக்கை: பாகிஸ்தானுக்கு ஒரு நாள் முன்பே சுதந்திரம் கிடைத்தது.

உண்மை: இந்திய சுதந்திரச் சட்டம் இரு நாடுகளுக்கும் குறித்தது ஆகஸ்ட் 15-ஐத்தான். கராச்சியில் மவுண்ட்பேட்டன் கலந்துகொண்ட விழா 14-இல் நடந்தது. பாகிஸ்தான் 1948-இலிருந்துதான் 14-ஐக் கொண்டாடத் தொடங்கியது.

நம்பிக்கை: அந்த நள்ளிரவோடு பிரிட்டிஷ் மன்னருக்கும் நமக்கும் உறவு அறுந்தது.

உண்மை: அன்று நாம் பெற்றது டொமினியன் தகுதி. 1950 ஜனவரி 26-இல் குடியரசு ஆகும்வரை ஆறாம் ஜார்ஜே நம் மன்னர். அவருடைய பிரதிநிதியாக முதலில் மவுண்ட்பேட்டனும், 1948 ஜூன் முதல் ராஜாஜியும் கவர்னர் ஜெனரலாக இருந்தார்கள். பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு பம்பாயில் கப்பலேறியது 1948 பிப்ரவரி 28-இல்.

நம்பிக்கை: இன்றைய இந்தியா முழுவதும் அன்றே விடுதலை பெற்றது.

உண்மை: ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தது 1948 செப்டம்பரில். கோவாவைப் போர்த்துகீசியர் 1961 டிசம்பர் வரை விடவில்லை. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று கடலூர் விடுதலையைக் கொண்டாடியபோது, சில மைல் தூரத்தில் இருந்த புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவையும் அப்படியே. ஏழு ஆண்டுகள் கழித்து, 1954 அக்டோபர் 18-இல், கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்த நாளில் ஆண்டுதோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

விடுதலை ஒரே இரவில், ஒரே சீராக வந்துவிடவில்லை. ஓர் ஊருக்கு மூன்று நாள் தள்ளி வந்தது, இன்னோர் ஊருக்கு ஏழு ஆண்டு தள்ளி வந்தது, பஞ்சாபிலும் வங்காளத்திலும் பலருக்குச் சொந்த வீட்டையே பறித்துக்கொண்டு வந்தது. ஆகஸ்ட் 15-ஐக் கொண்டாடுகிற நாம் அக்டோபர் 18-ஐயும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். கீழூரில் வாக்களித்த 178 பேரும் இந்த விடுதலை வரலாற்றின் சொந்தக்காரர்கள்தான்.