மாத வாடகைக் கார்: துபாயில் நான் போடும் கணக்கு

ஷார்ஜாவில் வீடு, துபாயில் வேலை என்று ஆகிவிட்டால் கார் ஆடம்பரம் இல்லை. மெட்ரோ ஷார்ஜா எல்லைக்கு முன்பே நின்றுவிடுகிறது. தினமும் டாக்ஸி என்றால் சம்பளத்தில் பாதி ரோட்டிலேயே போய்விடும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்பதுதான். முதல் வருடம் வாடகைதான் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். வங்கிக் கடனில் வாங்க விலையில் 20 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும். நாளைக்கே வேலை போனால் வாடகைக் காரின் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம். கடன் பாக்கியுள்ள காரை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது.

லைசென்ஸ் விஷயத்தில் சமரசமே கிடையாது. விசிட் விசாவில் இருக்கும்வரை இந்திய லைசென்ஸும் சர்வதேச பர்மிட்டும் இருந்தால் வாடகைக் கார் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா வந்த பிறகு இங்கத்திய லைசென்ஸ் வேண்டும். "நாலு நாள்தானே" என்று பழையதை வைத்து ஓட்டி எங்காவது இடித்தால், இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

இனி பணம். சன்னி, அட்ராஜ் மாதிரி சின்ன வண்டி ஒன்றை மாதம் 1,400 திர்ஹாமுக்குப் பேசி முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத வாட் சேர்ந்தால் 1,470. அடுத்து சாலிக். 2025 ஜனவரி கடைசியிலிருந்து இந்தச் சுங்கம் நேரத்துக்கு ஒரு விலை. வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் 6 திர்ஹாம். மற்ற நேரங்களில் 4. நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். அல் மம்சார் கேட்டைக் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் தாண்டினால் நாளுக்கு 12. மாதத்துக்கு 22 நாள் என்றால் 264. பல வாடகைக் கம்பெனிகள் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு திர்ஹாம் மேலே போட்டுத்தான் பில் எழுதும். அந்த 44-ஐயும் சேர்த்தால், பெட்ரோல் போடுவதற்கு முன்பே 1,778 ஆகிவிடுகிறது. வழியில் கர்ஹூத் பாலத்து கேட்டும் இருந்தால் சாலிக் இரட்டிப்பு. இந்தக் கணக்கைப் போடாமல், 1,400-க்கும் 1,350-க்கும் நாள் முழுக்கப் பேரம் பேசுவது வீண்வேலை. காலை 10 மணிக்குப் பிறகு வரலாமா என்று ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

பேரத்துக்குக் காலம் உண்டு. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை ஊரே காலியாகிவிடும். கம்பெனி வாசலில் வண்டிகள் வெயிலில் காயும். அப்போது இறங்கி வருவார்கள். வருட ஒப்பந்தத்தில் மாத வாடகை கொஞ்சம் குறையும்தான். ஆனால் இடையில் திருப்பிக் கொடுத்தால் என்ன வெட்டுவார்கள் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். வேலை நிலைக்கும்வரை எனக்கு மாதாமாதம் புதுப்பிப்பதுதான் பிடிக்கும்.

வண்டியை எடுக்கும்போது முல்கியாவை, அதாவது வண்டியின் பதிவு அட்டையை, பாருங்கள். அதில் கம்பெனி பெயர் இல்லாமல் தனியார் யாருடைய பெயராவது இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தெரிந்தவர் சொந்தக் காரை வாடகைக்குத் தருவது இங்கே சட்டவிரோதம். பிறகு போனில் வீடியோ: வீல் ரிம், பம்பரின் அடிப்பாகம், கூரை, முன்கண்ணாடி, ஓடோமீட்டர், பெட்ரோல் முள். உச்சி வெயிலில் ஏசியைப் போட்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பேன். கவுன்டரில் இருப்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆகஸ்டில் அந்த வண்டிக்குள் வேகப்போவது அவரில்லை.

சின்னக் கீறல் விழுந்தாலும் போலீஸ் ரிப்போர்ட் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது. அது இல்லாத வண்டியை கேரேஜ்காரர் தொடமாட்டார். செலவு முழுவதும் நம் தலையில் விழும். துபாய் போலீஸின் செயலியிலேயே சின்ன விபத்துகளைப் பதிவு செய்துவிடலாம். ரிப்போர்ட்டில் தப்பு நம் மேல் என்றிருந்தால், முழு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் ஒரு தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அது எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் இன்ஷூரன்ஸில் சேராது.

டெபாசிட் வண்டியோடு திரும்பி வராது. ஃபைன்கள் தாமதமாக விழும் என்பதால் சில வாரம் பிடித்து வைப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனி அந்தக் கெடு தாண்டியும் என்னை அலையவிட்டது. போலீஸ் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு, என் தேதிகளில் ஃபைன் எதுவும் இல்லை என்று காட்டும் திரைப்பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. திருப்பிக் கொடுக்கும் நாளிலேயே அந்தப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக, சர்வீஸ், பாட்டரி, வருடாந்திரப் பதிவு எல்லாம் கம்பெனி பாடு. குடும்பம் வந்து, பிள்ளைகளுக்குப் பள்ளியும் அமைந்து, இன்னும் சில வருடம் இங்கேதான் என்று உறுதியானால் வாடகையை நிறுத்திவிட்டு, பழைய கொரோலா ஒன்றை ரொக்கத்துக்கு வாங்குங்கள். அதுவரை வாடகைதான் மலிவு.