கடன்முறிவுச் சட்டமும் சட்டத்தரணியின் தொடர்கல்வியும்

வங்குறோத்து என்னுஞ் சொல் நம்மிடையே வசைச்சொல்லாகவே வழங்குவது. கடை முறிந்தவனை ஊரார் ஏளனஞ் செய்தலும், கடன்கொடுத்தோர் அவன் படலையில் வந்து நிற்றலும் நாம் அறியாதன அல்ல. சட்ட நூலார் நோக்கிலோ அது வசையன்று. இறுக்க வகையற்றவனுடைய பொருளைக் கடன்கொடுத்தோர்க்கு முறைப்படி பங்கிட்டு, நேர்மையுடைய கடனாளிக்கு மீண்டும் வாழ வழிவிடும் ஏற்பாடே அது. இவ்வேற்பாடு மிக விரிந்து வளர்ந்த நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா தலையாயது. அங்கு இத்துறையில் உழைக்குஞ் சட்டத்தரணிகள் தொழில் புகுந்த பின்னரும் ஓயாது கற்க வேண்டியிருப்பது ஏன் என்பதை, சட்டத்துறை புக விழையும் எம் மாணவர் பொருட்டு ஈண்டு ஆராய எண்ணினேம்.

அமெரிக்காவில் 1898 இல் இயற்றப்பட்ட கடன்முறிவுச் சட்டம், 1938 இல் பெருந்திருத்தம் பெற்றதேனும், எண்பது ஆண்டு நிலைத்தது. 1978 இல் இன்றைய சட்டக்கோவை பிறந்தது. அதன்பின் மாற்றத்தின் வேகம் மிகுந்தது. பெருந்திருத்தங்கள் ஒருபுறமிருக்க, கோவையிற் கண்ட டொலர்த் தொகைகளுட் பல, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏப்பிரல் முதலாந் திகதி தாமாகவே மாறுகின்றன. 1998 இல் தொடங்கிய இவ்வழக்கின்படி 2025 இல் மாறியவை 2028 இல் மீண்டும் மாறும். ஆகவே, மனப்பாடஞ் செய்த எண் இத்துறையில் மூன்றாண்டுக்கு மேல் உதவுவதில்லை.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் காண்போம். நொடிந்த சிறு வணிகர் கடையை மூடாமலே கடனை ஒழுங்குசெய்து கொள்ளுதற்கென 2019 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2020 பெப்ரவரி 19 இல் நடைமுறைக்கு வந்தது. பதினோராம் அத்தியாயத்தின் ஐந்தாம் உட்பிரிவு என அதனை வழங்குவர். அதன்கீழ் வருபவர் பொதுவாகத் தொண்ணூறு நாளில் தமது திட்டத்தை மன்றிற் சமர்ப்பித்தல் வேண்டும். மூன்று முதல் ஐந்தாண்டு வரை, செலவு போக எஞ்சும் வருமானத்தைக் கடன்கொடுத்தோர்க்கு அளித்து, வணிகத்தின் உரிமையைத் தாமே வைத்திருக்கலாம். அவ்வத்தியாயத்தின் பொது வழியோ செலவு மிக்கது. கடன்கொடுத்தோர் இசையாவிடின், அவர்க்கு முழுதும் இறுக்காது உரிமையாளர் தம் பங்கை வைத்திருத்தலும் அரிது. எவ்வழிக்குத் தகுதியுண்டு என்னும் வினா, வணிகம் பிழைக்குமா என்னும் வினாவாகவே முடிந்துவிடுகிறது.

அத்தகுதி கடன்தொகையைப் பொறுத்தது. தொடக்கத்தில் வரம்பு 2,725,625 டொலர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு இறுதியில், அது 7,500,000 டொலராக உயர்த்தப்பட்டது. அவ்வுயர்வு 2022 மார்ச்சிற் காலாவதியாயிற்று. அவ்வாண்டு யூன் 21 இல் மீண்டும் உயிர்பெற்றது. 2024 யூன் 21 இல் மறுபடியும் ஒழிய, வரம்பு 3,024,725 டொலருக்கு இறங்கிற்று. 2025 ஏப்பிரல் 1 முதல் அது 3,424,000 டொலர். ஐம்பது இலட்சம் டொலர் கடன்பட்ட மரவேலைச்சாலைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்க. அவர் 2024 யூன் 20 இல் மனுச் செய்திருப்பின் உட்பிரிவுக்கு உரியர். மறுநாட் செய்திருப்பின் அவ்வாயில் அடைபட்டது. பழைய குறிப்பேட்டை நம்பி, “அடுத்த கிழமை வாரும்” என்று அவரை அனுப்பிய சட்டத்தரணி பிழைத்தது ஒரு கிழமைதான். கட்சிக்காரர் இழப்பது வேலைச்சாலையாக இருக்கலாம்.

தனியாள் வழக்கிலும் இதுவே நிலை. மனுத் தாக்கலான கணமே கடன் அறவிடும் முயற்சிகளுட் பெரும்பாலானவை தடைப்படும். வீட்டின் ஏல விற்பனையும் நிற்கும். ஆனால், 2005 அக்டோபர் 17 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மனுவுக்கு முந்திய 180 நாளுள் அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றிற் கடனாளி கடன் ஆலோசனை பெற்றிருத்தல் வேண்டும். சில விலக்குகள் உள. இதனை மறந்து, ஏலத்தைத் தடுக்கும் அவசரத்தில் மனுவைச் செய்தால், அது தள்ளப்படக்கூடும். ஓராண்டுக்குள் மறுபடியும் மனுச் செய்தாலோ, தடை முப்பது நாளில் கடனாளியளவில் முடிவுறும். மன்று நீட்டினாலன்றி அது நிலையாது. முதற் பிழையிலும் அதன் நிழல் நீண்டது.

இனி, தொடர்கல்வி நடைபெறும் விதத்தை நோக்குவாம். கடன்முறிவுச் சட்டம் அந்நாட்டு மத்திய அரசினது. சட்டத்தரணிக்கு உரிமம் அளிப்பதோ மாநிலம். மின்னெசோற்றாவும் அயோவாவும் 1975 இல் தொடர்கல்வியை முதன்முதற் கட்டாயமாக்கின. இன்று மின்னெசோற்றாவில் மூன்றாண்டுக்கு 45 மணித்தியாலம். கலிபோர்ணியாவில் மூன்றாண்டுக்கு 25. நியூயோர்க்கில் அனுபவமுடையோர்க்கு ஈராண்டுக்கு 24. தொழில் ஒழுக்கம் முதலிய சில பாடங்களுக்கு இவற்றில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய மணிகளைக் குடும்பச் சட்டத்திற் கழித்துவிட்டுக் கடன்முறிவு மனு வரையும் ஒருவரை இவ்விதிகள் தடுப்பதில்லை. விரிவுரை மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்து, செவி கொடாது எழுந்து போனவரும் கணக்கை நிறைவேற்றியவரே. (வகுப்பு வரவுப் பதிவேட்டை அறிந்த எம் ஆசிரியர்க்கு இது புதுமையன்று.) மணிக்கணக்கு வேண்டற்பாலதே, ஆயினும் அது போதாதென்பது எம் துணிபு. சிறப்புத்துறைச் சான்றிதழ் முறை இதனினும் மேலானது. கடன்முறிவுத் துறையிலேயே எழுத்துச் சோதனை வைத்து, அத்துறையிற் கற்ற கல்வியையே கணக்கிலெடுத்து, குறித்த காலத்தின்பின் சான்றிதழைப் புதுப்பிக்குமாறும் அது கேட்கின்றது.

எண்களும் திகதிகளும் மட்டுமே கற்கவேண்டியன என்று கருதற்க. 2024 யூன் 27 இல் பேர்டியூ மருந்துக் கம்பனி வழக்கில், அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வராகப் பிரிந்து ஒரு தீர்ப்பளித்தது. தாம் கடன்முறிவு மனுச் செய்யாத கம்பனிச் சொந்தக்காரரை, அவர்மீது வழக்குரிமையுடையோரின் இசைவின்றிப் பொறுப்பினின்றும் விடுவிக்கும் திட்டத்துக்குச் சட்டம் இடந்தரவில்லை என்பது அத்தீர்ப்பு. அதுகாறும் கீழ்மன்றுகளுட் சில அதனை அனுமதித்தும் சில மறுத்தும் வந்தன. ஆனால், இசைவு என்பது யாது? வாக்களியாது மௌனமாயிருந்தவர் இசைந்தவராவரோ? இவ்வினாவைத் தீர்ப்பு விடுவியாதொழிந்தது. பின்வந்த மன்றுகள் வேறுவேறாகத் தீர்த்துள்ளன. இதுபற்றிய விரிவுரைக்குச் செல்லும் சட்டத்தரணி முடிந்த முடிபைப் பெற்று வருவாரல்லர். தாம் தோன்றும் மன்று மௌனத்தை எவ்வாறு கொள்ளுகின்றது என்பதை அறிந்து வருவர். மறுநாள் வாக்குச்சீட்டின் வாசகத்தை வரைதற்கு அவர்க்கு வேண்டியதும் அதுவே.