மாற்குவின் தாயார் வீடு

வேதபாடம்: அப். 12:12, 13:5, 13, 15:36-39, கொலோ. 4:10; 2 தீமோ. 4:11



போன மாதம் ஞாயிறு மாலை ஆராதனையில், சாட்சி நேரத்தில் நம் சபைப் பிள்ளை ஒருவன் எழுந்து நின்று அழுதான். பிளஸ் டூ படிக்கிற தம்பி. புத்தகங்களைச் சுமந்துகொண்டு துறைமுகம் துறைமுகமாய்ப் போகிற 'லோகோஸ் ஹோப்' ஊழியக் கப்பலைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். "ஐயா, சமையக்கட்டோ, தரை தொடைக்கிறதோ, எது குடுத்தாலும் செய்யுறேன். என்னை அனுப்புங்க" என்றான். சபையார் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். நானும் கைகளை உயர்த்தினேன். பின்வரிசையில் அவனுடைய அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். "இவுக அப்பா பதினோரு வருஷமா சிங்கப்பூர்ல கம்பி கட்டுறாக. அவுக போனது சம்பாதிக்க. இவன் போறேங்குற எடத்துல சம்பளமே கெடையாதாம். நாமதான் பணம் சேத்துக் குடுக்கணுமாம். பொம்பளப் பிள்ளைய யாரு கரையேத்துறது? இப்படிக் கேட்டா நான் விசுவாசம் இல்லாதவளா ஐயா?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் வேதத்தைத் திறந்தேன்.

பேதுரு சிறையிலிருந்து விடுதலையானதும் அந்த இராத்திரியில் எங்கே போனார்? மாற்கு என்னும் மறுபேர்கொண்ட யோவானுடைய தாயாகிய மரியாள் வீட்டுக்கு. அங்கே அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஏரோது சபையின்மேல் கைபோட்டிருந்த காலம் அது. யாக்கோபு ஏற்கெனவே வெட்டுண்டு போனார். அப்படிப்பட்ட நாளில் கதவைத் திறந்து விசுவாசிகளை உள்ளே சேர்த்த தாய் இவள். மாற்குவின் வயதை வேதம் சொல்லவில்லை. ஆனால் வீடு தாயின் பேரில் சொல்லப்படுவதால் அவன் அப்போது இளைஞன் என்று எண்ண இடமுண்டு. ஊழியப் பாரம் அவனுக்கு அந்தக் கூடத்தில்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்த அதிகாரத்தில் அவன் பர்னபாவோடும் சவுலோடும் கப்பல் ஏறுகிறான். எதற்கு? பிரசங்கிக்க என்று எழுதியில்லை, உதவிக்காரனாய் என்றே இருக்கிறது. நம் செட்டிநாட்டுக்கு இது புதிதா? ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் வீட்டுப் பையன்களை முதலில் பெட்டியடிப் பையனாய்த்தான் உட்கார வைத்தார்கள். அதன்பிறகே அடுத்தாள், அதற்கும் பிறகே ஏஜெண்டு. மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை ஊரிலிருந்த பெண்கள்தான் வீட்டைக் கட்டிக் காத்தார்கள். பணத்துக்காக அத்தனை பொறுமை காட்டிய மண் இது.

பெர்கே பட்டணத்தில் மாற்கு அவர்களை விட்டுத் திரும்பினான். ஏன் என்று வேதம் சொல்லவில்லை. நாம்தான் 'பயந்தாங்கொள்ளி' என்று பிரசங்கிக்கிறோம். நானும் பிரசங்கித்திருக்கிறேன். அவன் திரும்பியது எருசலேமுக்கு, அதாவது தன் தாயின் வீடு இருந்த ஊருக்கு.

இங்கே என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு வாலிபனை மேடையில் நிறுத்தி, கைவைத்து ஜெபித்து, வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பினேன். நாலு மாசத்தில் திரும்பி வந்துவிட்டான். நான் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. சபையாரும் அவனுடைய தகப்பனைக் கண்டால் வேறு பேச்சுப் பேசினார்கள். அனுப்பும்போது ஆர்ப்பரித்த நாங்கள், வந்தபோது ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை. அந்தக் குடும்பம் இன்று நம் மத்தியில் இல்லை.

பவுல் மாற்குவை இரண்டாந்தரம் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றார். கூட்டிக்கொண்டு போனது யார்? பர்னபா. கொலோசெயர் நிருபம் அவனைப் பர்னபாவுக்கு இனத்தான் என்கிறது. சொந்தக்காரன் ஐயா, சொந்தக்காரன்! தனக்குப் பழக்கமான சொந்தத் தீவாகிய சீப்புருவுக்கே அவனை அழைத்துக்கொண்டு போனார். கடைசியில் பவுலே, மாற்கு தன் ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன், அழைத்துக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

தமிழருக்குள்ளும் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள்ளே ஒரு மிஷனெரி சங்கம் தொடங்கி, கடல் தாண்டி எந்த இடத்தைக் குறித்துப் பாரப்பட்டார்கள் தெரியுமா? நமக்குப் பக்கத்திலிருக்கிற தொண்டி! இங்கேயிருந்து பிள்ளைகள் வெளிநாடு போக ஆசைப்படுகிறோம், அங்கேயிருந்த பிள்ளைகளுக்கு நாம்தான் வெளிநாடு. 1902இல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களுடைய வாஞ்சையைக் கண்டு அசைக்கப்பட்டார். 1903 பிப்ரவரி 12இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1909இல் அவரே தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். மனைவி அன்பு மரியம்மாளும் பாஷை தெரியாத அந்த ஊருக்குப் போனார்கள்.

மிசோராமில் 1910 தொடங்கி, கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியை விற்ற காசு இன்றைக்கும் ஊழியர்களைத் தாங்குகிறது. போகிறவன் ஒருவன்தான். அரிசி எடுத்து வைக்கிற கைகள் ஆயிரம்.

ஆகவே மறுபடியும் அந்தத் தாயாரிடம் போய், "அம்மா, கணக்குப் பார்க்கிறது அவிசுவாசம் இல்லை. கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே சொன்னாரே (லூக். 14:28)" என்றேன். கப்பலில் சேர 18 வயது நிறைய வேண்டும், தம்பிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரை அவனுக்கு மூன்று வேலை சொல்லியிருக்கிறேன். படுக்கையிலிருக்கிற தன் அப்பத்தாவை அவனே குளிப்பாட்டித் துணி அலச வேண்டும். பரீட்சையை ஒழுங்காய் எழுத வேண்டும். அப்பாவிடம் அம்மா மூலமாய்ச் சொல்லாமல், தானே போனில் பேச வேண்டும். முதல் வாரம் முகம் சுளித்தான். இப்போது அப்பத்தா அவனைத்தான் தேடுகிறார்களாம்.

அப்பா வைகாசியில் லீவுக்கு வருகிறார். அவர் வந்தபின் குடும்பமாய் உட்கார்ந்து ஜெபித்து ஒரு பதில் சொல்வார்கள். போகட்டும் என்றாலும், இப்போது வேண்டாம் என்றாலும் அதைச் சபை ஏற்றுக்கொள்ளும். அதுவரை ஒருவரும் அந்தப் பிள்ளையை 'மிஷனெரி தம்பி' என்று கூப்பிட வேண்டாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இந்த மாதம் சபையில் இல்லை, அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும். காலை பத்து மணிக்கு வாருங்கள். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரவும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்